சாமிக்கரண்டி

மேலச்சாரல் ஊரில், குழல்வாய்மொழி ஆயுர்வேத மருந்துச்சாலையின் லேகியப் பாட்டில்கள் மூச்சுவிட ஆரம்பித்தது ஒரு ஆடி மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, அதாவது சாலையில் எல்லோருக்கும் சுக்குக் காப்பி ஊற்றுகிற நேரத்தில். அதனால் அதை முதலில் கேட்ட எப்சிபா, யாரோ சூடு ஆறுவதற்காகக் காப்பியை ஊதுகிறார்கள் என்று நினைத்து, தராசில் கிடந்த தூளின் எடையைக் குறித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

அந்த அறைக்குச் சாட்சி அறை என்று பெயர். ஒவ்வொரு தடவை லேகியம் கிண்டி இறக்கும்போதும் ஒரு பாட்டிலை மட்டும் விற்காமல், மூடியில் அரக்கு வைத்து, பேட்ச் எண் ஒட்டி, அங்கே அலமாரியில் ஏற்றிவிடுவார்கள். அதைத் தின்ற யாருக்காவது எந்த ஊரிலாவது ஏதாவது ஆகிவிட்டால், நாங்கள் கொடுத்தது இதுதான் என்று எடுத்துக்காட்ட அந்தப் பாட்டில்தான் சாட்சி. எப்சிபா அந்தச் சாலையின் பரிசோதனைக்காரி. ஈரம் எவ்வளவு, எரித்தால் சாம்பல் எவ்வளவு, ஈயம் பாதரசம் ஏதும் உண்டா, பூசணம் பிடிக்குமா என்று பார்த்து அவள் கையெழுத்துப் போடாமல் ஒரு பொட்டலம்கூட வாசலைத் தாண்டாது. ஒன்பது வருடமாக அப்படித்தான். பிறவியிலேயே நிலைகொள்ளாதவள், வீட்டுப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள், தெருமுனைவரை போனவள் அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவாள். அப்படிப்பட்டவளை இந்த வேலைக்கு வைத்ததுதான் முதலாளி குற்றாலிங்கம் வாழ்நாளில் செய்த ஒரே புத்திசாலித்தனம் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அவள் 198ஆம் எண் பாட்டிலில் காதை வைத்தாள். ஒருவர் மூச்சு இல்லை, நூற்றுக்கணக்கான பேர் மூச்சு. சிலது இழுத்துக்கொண்டு, சிலது தூக்கத்தில், சிலது படியேறுகிற அவசரத்தில், எல்லாம் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தின் வெளியே நிற்கிற மாதிரி இருந்தது. எப்சிபா ஏசப்பா என்று சொல்லிவிட்டு, குறிப்பேட்டில் ‘198: ஓசை உண்டு’ என்று எழுதி, தேதி போட்டாள். வேறு என்ன செய்வது?

அந்த மூச்செல்லாம் யாருடையது என்று கண்டுபிடித்தவள் லேபிள் ஒட்டுகிற மைதீன்பாத்து. அவள் புருஷன் ஷார்ஜாவில் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவர், போன தடவை வந்தபோது 198இல் இரண்டு பாட்டில் கொண்டுபோயிருந்தார். விளையாட்டுக்குக் காதை வைத்தவள், பாட்டிலுக்குள் ஒரு தும்மல், சின்ன இடைவெளி, இன்னொரு தும்மல், பிறகு ‘யா அல்லாஹ்’ என்று ஒரு முனகல் கேட்டதும் கையிலிருந்த லேபிள் கட்டைக் கீழே போட்டாள்.

“மேடம், இது எங்க மச்சானுல்லா! இப்படித் தும்முறதுக்கு ஒலகத்துல வேற ஆளு கெடையாது.”

அங்கேயே நின்று போன் போட்டாள். “இப்பம் தும்முனியளா?” என்று கேட்டாள். ஆமாம், உனக்கு எப்படித் தெரியும் என்றார் அவர். அவ்வளவுதான், அந்த பேட்சைத் தின்றவர்கள் மூச்சுத்தான் பாட்டிலில் கேட்கிறது என்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஏன், எப்படி என்று மேலச்சாரலில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஊரில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில், மீதி வீட்டுப் பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில். போனில் ‘நல்லாருக்கேன், நல்லாருக்கேன்’ என்று ஒரே பொய்யைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். பாட்டில் பொய் சொல்லாது. வீட்டில் வாங்கி வைத்த பாட்டில்கள் வாயைத் திறக்கவில்லை என்பதையும், சாட்சி அறை அலமாரியில் ஏறினவை மட்டும்தான் பேசும் என்பதையும் இரண்டே நாளில் தெரிந்துகொண்டு, திங்கட்கிழமைதோறும் பெண்கள் வாசலில் வரிசைகட்டினார்கள். வாட்ச்மேன் டோக்கன் கொடுத்தான். எதிரே ஒரு வாழைக்காய் பஜ்ஜிக் கடை முளைத்தது. அந்த அத்தனை மூச்சில் தன் ஆளின் மூச்சைப் பிரித்தெடுப்பது முதலில் கஷ்டமாக இருந்தாலும், பள்ளிக்கூடம் விடுகிற கூச்சலில் தன் பிள்ளை அழுகையைத் தனியாகக் கேட்கிற காது எல்லோருக்கும் இருந்தது. குடியை விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்த ஒருவரின் விக்கலை அவர் மாமியார் கேட்டுவிட்டார். மூன்று வருடமாகச் சண்டை போட்டுப் பேசாதிருந்த ஒரு மகன் பஹ்ரைனில் தனியாக இருக்கும்போது அம்மா பாடுகிற தாலாட்டை முணுமுணுப்பதை அந்த அம்மா கேட்டு, பாட்டிலைக் கட்டிக்கொண்டு அழுது, அரக்கு முத்திரை உடைந்துவிடுமே என்று எப்சிபாவைப் பதறவைத்தாள். பள்ளிவாசலிலும் கோயிலிலும் சர்ச்சிலும் இது தப்பா சரியா என்று பேசிப் பார்த்து, தப்பென்று சொன்னால் வீட்டுப் பெண்களுக்குப் பதில் சொல்ல முடியாது என்பதால் சரி என்று விட்டார்கள். மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரியும் காதை வைத்துக் கேட்டார், படிவத்தில் ஓசைக்குக் கட்டம் இல்லாததால் ‘காற்றோட்டம் நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஜ்ஜி தின்னப் போய்விட்டார்.

கெடுதல் அங்கேதான் பிடித்தது. உடம்புக்கு முடியாதவர்கள் தின்ற லேகியத்தை, காதில் விழவேண்டும் என்பதற்காக ஊரே தன் ஆட்களுக்கு அனுப்பி, தினமும் தின்னச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது. ஓர் உருளி வைத்துக் கிண்டிய இடத்தில் மூன்று உருளி ஏறியது. முப்பது வருடமாகத் துடுப்புப் போடுகிற புலமாடன், ஒரு நாள் முழுக்கக் கிண்டவேண்டியதை மத்தியானத்துக்குள் இறக்கினார். லேகியத்தில் போடுகிற இரும்புச் செந்தூரம் வழக்கமான ஆளிடம் போதவில்லை. முதலாளி எங்கிருந்தோ புதிதாக ஓர் ஆளைப் பிடித்து மூட்டை மூட்டையாக வாங்கினார். எப்சிபா மூட்டையைத் தனியாகச் சோதிக்கவேண்டும் என்றாள். “லேகியத்தத்தான் சோதிக்கீயள்லா, அதுல தெரியாமலா போயிரும்?” என்றார் குற்றாலிங்கம். அதுவும் நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. அப்படிப் பட்டதை நினைத்துப் பின்னால் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

புரட்டாசி பிறந்ததும் 212ஆம் பாட்டில் முனக ஆரம்பித்தது.

முதலில் ஒன்றிரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகுகிற மாதிரி. பத்து நாளில் நாற்பது ஐம்பது பேர். பெண்கள் அதைக் கேட்டுவிட்டு, அங்கே வெயில் அதிகம், கண்ட இடத்தில் சாப்பிடுகிறார்கள், பாவம் என்று சொல்லி, உடம்பு தேற இன்னும் இரண்டு பாட்டில் வாங்கி அனுப்பினார்கள். எப்சிபா 212இன் சோதனைச் சீட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். ஈயம் சோதிக்க மதுரை ஆய்வகத்துக்கு அனுப்பியது சரியாக வந்திருந்தது. பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வரை இருக்கலாம், ஒன்றுகூட இல்லை. மீதியிருந்த மாதிரியை மறுபடி அனுப்பினாள். மறுபடி சரி. மூன்றாவது தடவையும் சரி. எண் நல்லாயிருக்கிறது, பாட்டில் அழுகிறது. எதை நம்புவது என்று தெரியாமல் அவள் நடந்துகொண்டே இருந்தாள், அறைக்கும் வராந்தாவுக்கும், வராந்தாவுக்கும் அறைக்கும்.

ஒரு வியாழக்கிழமை 212இல் காதை வைத்திருந்தவளுக்கு, எல்லா முனகலுக்கும் அடியில் பல்லை நறநறவென்று கடிக்கிற ஓசை கேட்டது. இரண்டு கடி, ஒரு பெருமூச்சு, ‘ம்ஹூம், ஒண்ணுமில்ல’ என்று தனக்குத்தானே ஒரு சமாதானம். அது அவள் புருஷன் தங்கதுரை.

தங்கதுரை பஜாரில் தையல் கடை வைத்திருந்தார். அவர் 212ஐ எப்படித் தின்றார் என்பதில் மர்மம் இல்லை, அவள்தான் கொடுத்தாள். பாட்டில்கள் எல்லாம் நிரம்பிய பிறகு உருளியின் அடியில் ஒட்டியிருப்பதை வழித்தெடுத்து, வேலைசெய்கிறவர்களுக்குப் பங்கு வைப்பது அங்கே வழக்கம். வழிப்பில்தான் சத்தெல்லாம் இறங்கியிருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. தன் பங்கை ஒன்பது வருடமாக ஒரு தூக்கு டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுபோய், காலையில் ஒரு உருண்டை அவருக்கு உருட்டிக் கொடுத்தாள். அவள் தின்பதில்லை, அந்த வாடை அவளுக்கு ஆகாது.

லீவு சொல்லாமல் கடைக்கு ஓடினாள். தங்கதுரை ஒரு பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார், உதட்டிடுக்கில் நாலைந்து குண்டூசி. அவளைப் பார்த்துச் சிரித்து ஊசிகளை எடுத்தபோது, ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் நீலமாக ஒரு கோடு ஓடுவதை அவள் பார்த்தாள். அவர் கத்தரிக்கோலை எடுத்தார். எடுத்த கை மணிக்கட்டோடு தொங்கி, கத்தரிக்கோல் தரையில் விழுந்தது.

“எத்தன நாளா அத்தான்?”

“ஒரு மாசம் இருக்கும். தூக்கக் கொறவு, வேற ஒண்ணுமில்ல. நீ ஏற்கெனவே எல்லாத்துக்கும் பதறுத ஆளு, ஒங்கிட்டச் சொல்லி என்னத்த…”

“வயிறு?”

அவர் கத்தரிக்கோலை எடுக்கக் குனிந்தார். அவள் அந்தத் துணிக்குவியலிலேயே உட்கார்ந்து அழுதாள். அந்த நீலக்கோடு எதனால் வரும் என்று அவள் படித்திருக்கிறாள், பரீட்சையில் எழுதியும் இருக்கிறாள், மார்க்கும் வாங்கியிருக்கிறாள். உடம்பில் ஈயம் ஏறினால் வரும். ஆனால் அவள் சீட்டில் ஈயம் இல்லை.

அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு நேராக உருளிக் கொட்டகைக்குப் போனாள். ஒன்பது வருடத்தில் அங்கே அவள் நாலு தடவைதான் போயிருப்பாள்; மாதிரி அவள் மேஜைக்கு வந்துவிடும், அவள் போகவேண்டிய அவசியமில்லை, தவிர அங்கே நடக்கிற பூஜையில் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி தான் போய் நிற்பது யாருக்காவது சங்கடமாக இருக்குமோ என்று ஒதுங்கியே இருந்துவிட்டாள். அன்றைக்கு நின்று பார்த்தாள். லேகியம் பதம் வந்ததும் புலமாடன் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, நெய் மினுங்கி நிற்கிற மேற்பரப்பில் பித்தளைக் கரண்டியால் பூப்போல ஒரு கரண்டி அள்ளி, தன்வந்திரி படத்தின் முன் வைத்து, சூடம் காட்டினார். அதற்குச் சாமிக்கரண்டி என்று பெயர். பிறகு, கைபடாதது, சுத்தமானது, சாமிக்கே வைத்தது என்ற மரியாதையோடு, அந்தச் சாமிக்கரண்டியில் பாதியைச் சோதனைக் குப்பியிலும் பாதியைச் சாட்சிப் பாட்டிலிலும் போட்டார். அப்புறம்தான் மேலிருந்து கீழாகப் பாட்டில்கள் நிரம்பின. உள்ளூர்ப் பெட்டி முதலில், வெளிநாட்டுப் பெட்டி கடைசியில். கடைசியில் வழிப்பு. உருளியின் அடியில் துடுப்பு கிறீச்சென்று உரசியபோது எப்சிபா குனிந்து பார்த்தாள். மேலே கறுப்பு. அடியில் சிவப்பு.

கனமானது அடியில் இறங்கும், அதிலும் அவசரமாகக் கிண்டினால் அப்படியே இறங்கும். இது யாருக்குத்தான் தெரியாது? ஒன்பது வருடம் அவள் சோதித்தது சாமி பங்கை. மனுஷர்கள் தின்றதை ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

தூக்கு டப்பாவில் மீதியிருந்த 212 வழிப்பில் கொஞ்சம் எடுத்து மதுரைக்கு அனுப்பினாள். நாலு நாள். அந்த நாலு நாளும் அவள் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனாள், ஆஸ்பத்திரிக்கும் சாலைக்கும் நடந்தாள், புலமாடனிடம் போய் இறக்காதீர்கள் என்றாள், அவர் முதலாளியைக் கேளுங்கள் என்றார். ஐந்தாம் நாள் சீட்டு வந்தது. பத்து இருக்கலாம் என்ற இடத்தில் மூவாயிரத்துச் சொச்சம். செந்தூரம் என்று வந்த மூட்டையில் சரிபாதி சிவப்பு ஈயத்தூள்.

குற்றாலிங்கம் சீட்டை இரண்டு தடவை படித்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர்.

“வழிப்பத்தானம்மா சோதிச்சிருக்கீய. சட்டப்படி சாட்சிப் பாட்டில்தான கணக்கு? அது சுத்தமா இருக்குல்லா. வழிப்ப நிறுத்திருவோம், செந்தூரத்த மாத்திருவோம். போனது போகட்டும். வெளிய சொன்னா இந்த ஊர் சனம் என்னாகும், யோசிச்சியளா? பாட்டில எல்லாம் அதிகாரி அள்ளிட்டுப் போயிருவான். அந்தப் பொம்பளையெல்லாம் எங்க போயி கேப்பாவ?”

அதுதான் அவளையும் அரித்தது. முந்தின நாள் மைதீன்பாத்துவிடம் லேசாகச் சொல்லிப் பார்த்திருந்தாள், மைதீன்பாத்து முகம் சுருங்கி, “பாட்டில எடுத்துட்டா நான் யாருட்ட மேடம் பேச?” என்று கேட்டுவிட்டு லேபிள் ஒட்டப் போய்விட்டாள். சொன்னால் வேலை போகும், ஊர் பகைக்கும். சொல்லாவிட்டால், ஷார்ஜாவில் ஒருவர் நாளைக் காலையும் ஒரு உருண்டை தின்பார்.

திங்கட்கிழமை வந்தது, பெண்கள் வந்தார்கள், டோக்கன் கொடுத்தாயிற்று. எப்சிபா கைப்பையிலிருந்து தூக்கு டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, அலமாரியில் 212க்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்பது வருடத்தில் அடியிலிருந்து எடுத்த ஒன்று அந்த அலமாரியில் ஏறியது அதுதான் முதல் தடவை.

யாரும் காதை வைக்கவேண்டியிருக்கவில்லை. டப்பா வாய்விட்டு அழுதது. ஆண்கள் அழுகை, வெளியே யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்று தலையணையில் முகத்தைப் புதைத்து அழுகிறவர்களின் அழுகை, எட்டுப் பேர் படுத்திருக்கிற அறையில் சத்தமில்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரளுகிறவர்களின் அழுகை, அம்மா, யா அல்லாஹ், முருகா, ஏசுவே என்று அத்தனை கூப்பாடும் ஒன்றாகக் கிளம்பி, சாட்சி அறையின் கண்ணாடிக் குழாய்கள் அதிர்ந்து, பஜ்ஜிக்காரன் கரண்டியைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்து நின்றான். நடுவில் பல் நறநறக்கிற ஓசை. அதற்கும் நடுவில் ஒரு தும்மல், ஒரு இடைவெளி, இரண்டாவது தும்மல் வராமல் ஒரு முனகல்.

மைதீன்பாத்து டப்பாவைப் பார்த்தாள், எப்சிபாவைப் பார்த்தாள்.

“இது என்னது மேடம்?”

“அவங்க தின்னது. நான் கையெழுத்துப் போட்டது.”

எப்சிபா மிச்சத்தையும் சொன்னாள், எதையும் குறைக்காமல், தன் புருஷன் கை தொங்குவதையும் சேர்த்து. ஒரு கிழவி அவள் கன்னத்தில் அறைந்தாள். அறை வாங்கிக்கொண்டு நின்றாள். அதற்குள் வராந்தா முழுக்கப் போன் அடிக்கிற சத்தம். சாப்பிடாதிய, கீழ கொட்டுங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க, சும்மா சொல்லாதிய நான் கேட்டுட்டேன், கேட்டுட்டேன் என்று ஆளுக்கொரு மூலையில் கத்தினார்கள். மறுநாள் காலை, யாரும் கேட்காமலே, வீட்டிலிருந்த பாட்டில்களை எல்லாம் பெண்கள் கூடையில் கொண்டுவந்து சாலை வாசலில் அடுக்கினார்கள். அதிகாரி வந்து 212ஐயும் அதை ஒட்டிய பேட்ச்களையும் அள்ளிக்கொண்டு போனார். இந்தத் தடவை பஜ்ஜி தின்னவில்லை.

சாலை மூன்று மாதம் மூடிக் கிடந்தது. தங்கதுரை வீட்டுக்கு வந்தார். மருந்து ஏற்றி ஏற்றி ஈயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது, ஊசியில் நூல் கோர்க்க முடிகிறது, கத்தரிக்கோல் இன்னும் முடியவில்லை. மைதீன்பாத்து புருஷன் ஊருக்கே வந்துவிட்டார், நேரிலேயே தும்முகிறார்.

தை மாதம் உருளி ஏறியபோது ஒன்றுதான் ஏறியது. எப்சிபா முதல் ஆளாகக் கொட்டகையில் நின்றாள். புலமாடன் துண்டை இடுப்பில் கட்டி, கரண்டியை மேற்பரப்புக்குக் கொண்டுபோனார்.

“அண்ணாச்சி, அடியிலருந்து எடுங்க.”

“சாமிக்கு வைக்கதும்மா. அடிய எப்படி வைக்க?”

“நாம திங்கதத்தான சாமியும் திங்கணும்? மேலருந்து ஒரு கரண்டி, நடுவுலருந்து ஒண்ணு, அடியிலருந்து ஒண்ணு. மூணையும் வைங்க.”

புலமாடன் படத்தைப் பார்த்தார், உருளியைப் பார்த்தார். அவர் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் வழிப்புத் தின்றவர்கள்தான். பிறகு முழங்கைவரை சட்டையைச் சுருட்டி, கரண்டி அடியைத் தட்டுகிற சத்தம் கேட்கும்வரை உள்ளே இறக்கினார். மூன்று கரண்டிக்கும் சூடம் காட்டினார்.

மூன்றும் மதுரைக்குப் போய்ச் சரியாக வந்தன. எப்சிபா கையெழுத்துப் போட்டாள், சாட்சிப் பாட்டில் அலமாரியில் ஏறியது, திங்கட்கிழமை பெண்கள் வந்து நின்றார்கள். பாட்டில் சும்மா இருந்தது. யாரும் தின்னவில்லையே, எப்படிப் பேசும்? வாங்க ஆசை இருந்தது, கை நீளவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எப்சிபா விற்பனைப் பாட்டில் ஒன்றைத் திறந்து, ஒரு உருண்டை எடுத்து வாயில் போட்டாள். ஒன்பது வருடம் கையெழுத்துப் போட்டவள் நாக்கில் அது படுவது அப்போதுதான். குமட்டியது. கண்ணில் நீர் வர விழுங்கினாள்.

அலமாரியில் பாட்டில் மூச்சுவிட்டது. மைதீன்பாத்து போய்க் காதை வைத்துக் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள்.

“மேடம், ஒங்க நெஞ்சு என்ன இப்படிப் போட்டு அடிச்சுக்கிடுது?”

“அடிக்கட்டும்” என்றாள் எப்சிபா. “திங்கக்கெழம திங்கக்கெழம வந்து கேளுங்க. என்னைக்காவது அது பதறாம நிதானமா அடிக்குன்னு தெரிஞ்சா, அன்னைக்கு இந்த மருந்த யாரும் வாங்காதிய.”